கிருமிக்கு என்ன வேண்டும்?

இட்லியை உப்ப வைப்பதும் அதுவே. கரும்பைக் கெடுப்பதும் அதுவே!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்துக்குப் போகும் சாலையில், அரவைக் காலம் வந்துவிட்டால், கரும்புப் பாரம் ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது.

டிராக்டர் ஓட்டுகிறவருக்கு அவசரம். கரும்பை விளைவித்த விவசாயிக்கு அதைவிட அவசரம்.

வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போய்விட வேண்டும். தாமதமானால் சர்க்கரைக் கட்டுமானம் குறைந்துவிடும். கரும்பை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. கட்டு கட்டியபடியே இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்த சர்க்கரை குறைந்துவிடுகிறது!

அதைத் தின்றது யார்?

அதே நாள் மாலை, அந்த விவசாயியின் வீட்டில் அரிசியும் உளுந்தும் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, பாத்திரத்தை மூடி வைக்கிறார்கள். இரவு அரைப் பாத்திரம் இருந்த மாவு, காலையில் பொங்கி விளிம்பைத் தொடுகிறது.

அதைப் பொங்க வைத்தது யார்?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். வயலில் எந்த ஆசாமிக்குப் பயந்து கரும்பு ஓடுகிறதோ, அதே ஆசாமியைத்தான் வீட்டில் மூடி வைத்து வளர்க்கிறார்கள்!

வாயில் நுழையாத பெயர்

அந்த ஆசாமியின் பெயர் லூக்கோநாஸ்டாக். பாக்டீரியா என்னும் நுண்ணிய உயிர் வகையைச் சேர்ந்தது. சாதாரணமாகக் கிருமி என்று சொல்கிறோமே, அந்தக் கூட்டத்தில் ஒன்று.

1965-ம் ஆண்டில், அமெரிக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இட்லி மாவை எடுத்து ஆராய்ந்தார்கள். மாவில் வாயுவை உண்டாக்கி உப்ப வைப்பதில் முக்கியமான பங்கு இந்த லூக்கோநாஸ்டாக்குக்கு உண்டு என்று கண்டார்கள். அதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து போட வேண்டியதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஊறப் போட்டவுடன் விழித்துக்கொள்கிறது.

கரும்பிலும் அப்படியே. வெட்டுப்பட்ட நுனி வழியாக உள்ளே நுழைகிறது. சர்க்கரையைத் தின்று, அதற்குப் பதிலாகப் பசை போன்ற ஒரு வழவழப்புப் பொருளை உண்டாக்கி வைக்கிறது. சாறு நூலாக இழுக்கிறது. ஆலையில் வடிகட்டுவதும் கஷ்டம்; சர்க்கரை மணி பிடிப்பதும் கஷ்டம்.

ஆனால் அந்த வழவழப்புப் பொருளுக்கும் ஓர் உபயோகம் உண்டு! அதன் பெயர் டெக்ஸ்ட்ரான். ரத்தம் இழந்து கிடக்கும் நோயாளிக்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்தாக அதைத் தயாரிக்கலாம் என்று ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 1940-களில் கண்டுபிடித்தார்கள்.

ஒரே கிருமி! வீட்டில் சமையற்காரர், வயலில் திருடர், ஆஸ்பத்திரியில் வைத்தியருக்கு உதவியாள்!

ஆகவே, கிருமிகள் எல்லாம் கெட்டவை என்று நினைப்பது தவறு. எல்லாம் நல்லவை என்று நினைப்பது அதைவிடத் தவறு. அவை வளர்வதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும். வேண்டியபோது கொடுக்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம்.

மிளகுத் தண்ணீரில் கண்ட அதிசயம்

கிருமிகளை முதன்முதலில் பார்த்தவர் பெரிய பட்டம் பெற்ற மேதை அல்ல. ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் என்ற ஊரில் துணி வியாபாரம் செய்தவர். பெயர் லேவன்ஹூக். துணியின் இழைகளைச் சோதிக்கக் கண்ணாடி வில்லைகள் வேண்டும் அல்லவா? சின்னஞ்சிறு வில்லைகளைத் தாமே தேய்த்துச் செய்வதில் கைதேர்ந்தவர்.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். மிளகின் நுனியில் முள் இருந்து நாக்கைக் குத்துகிறதோ என்று நினைத்தார். மிளகைத் தண்ணீரில் ஊறப் போட்டார். சில வாரம் கழித்து, 1676-ம் ஆண்டில் ஒருநாள், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துத் தம் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

முள்ளைக் காணோம். ஆனால், எண்ணி முடியாத சிறிய உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன!

எவ்வளவு சிறியவை தெரியுமா? உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில், குடலில் வாழும் கிருமிகளை ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிறுத்தினால், சுமார் 500 கிருமிகள் நிற்கும்!

ஒன்று இரண்டாகும்

இவ்வளவு சிறிய உயிரால் என்ன செய்துவிட முடியும்?

அதன் பலம் உடம்பில் இல்லை, பெருக்கத்தில் இருக்கிறது.

கிருமி முட்டை இடுவதில்லை; குட்டி போடுவதில்லை. உண்டு, கொழுத்து, நடுவில் இரண்டாகப் பிளந்துவிடும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். நான்கு எட்டாகும். எல்லா வசதியும் கிடைத்தால், குடலில் வாழும் சில கிருமிகளுக்கு இதற்கு 20 நிமிஷமே போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 10 மணிக்கு ஒரே ஒரு கிருமி குழம்புச் சட்டியில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

11 மணிக்கு 8 கிருமிகள்.

12 மணிக்கு 64.

இரவு 2 மணிக்கு 4,096.

விடியற்காலை 4 மணிக்கு 2,62,144.

காலை 6 மணிக்கு, வீட்டார் எழுந்து சட்டியைத் திறக்கும்போது, 1,67,77,216!

ஓர் இரவில் ஒன்று, ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டது!

அப்படியானால் சில நாளில் உலகமே கிருமிகளால் மூடப்பட்டுவிட வேண்டுமே? ஏன் அப்படி நடக்கவில்லை?

ஏனென்றால் கிருமிக்கும் சில தேவைகள் உண்டு. உணவு, ஈரம், ஏற்ற சூடு, நேரம், ஏற்ற காற்று, அளவான புளிப்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த 20 நிமிஷக் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

முதல் தேவை உணவு

நாம் சாப்பிடுவதுதான் பெரும்பாலான கிருமிகளுக்கும் சாப்பாடு. பால், சோறு, பருப்பு, இறைச்சி, பழச்சாறு எல்லாம் அவற்றுக்குப் பிடிக்கும். பாத்திரத்தின் மூலையில் ஒட்டியிருக்கும் ஒரு பருக்கை, நமக்கு ஒன்றுமில்லை. ஒரு கிருமிக்கு அது ஒரு நெற்களஞ்சியம்!

கிருமிக்கு உணவு வைத்து வளர்த்துப் பார்ப்பதே விஞ்ஞானிகளின் முக்கிய வேலை. ஜெர்மனி நாட்டு டாக்டர் ராபர்ட் காக், முதலில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார். பிறகு இறைச்சிச் சாற்றை ஜெலட்டின் சேர்த்துக் கட்டியாக்கி அதில் வளர்த்தார். வெயில் காலத்தில் ஜெலட்டின் உருகி ஓடியது. சில கிருமிகள் அதையும் தின்று கரைத்துவிட்டன.

இதற்கு வழி சொன்னவர் ஒரு குடும்பப் பெண்மணி. காக்கிடம் வேலை செய்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி பேனி ஹெஸ்ஸே. அவர் வீட்டில் பழப்பாகு உறைவதற்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர்-அகர் சேர்ப்பது வழக்கம். அது வெயிலிலும் உருகாது. 1881-ம் ஆண்டில் அதை ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சொன்னார். இன்று வரை உலகம் முழுவதும் கிருமிகளை அகர்-அகரில்தான் வளர்க்கிறார்கள்.

நம் ராமேசுவரம், மண்டபம் பக்கத்துக் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அகர்-அகர் தயாராகிறது.

ஈரம் இல்லாவிட்டால் வளர்ச்சி இல்லை

கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கோமுகி அணை. அதற்கு அப்பால் சாலை வளைந்து வளைந்து கல்வராயன் மலைமேல் ஏறுகிறது. கரியாலூர், வெள்ளிமலை முதலிய ஊர்கள் மேலே இருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தாரைக் குறிக்கும் சொல் அல்ல இது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள்.

மலையில் விளையும் சாமையையும் கேழ்வரகையும் அறுத்து, அடித்து, வெயிலில் நன்றாகக் காய வைத்துக் குதிரில் கொட்டி வைக்கிறார்கள். மாதக் கணக்கில் கெடுவதில்லை. அதே சாமையைச் சோறாக்கி வைத்தால் மறுநாளே ஊசிப்போகிறது!

இரண்டிலும் உணவு ஒன்றுதான். வித்தியாசம் ஈரம்.

கிருமிக்கு வாய் இல்லை. தண்ணீரில் கரைந்த உணவை உடம்பின் தோல் வழியாகவே உறிஞ்ச வேண்டும். நன்றாகக் காய்ந்த தானியத்தில், நூறு பங்கில் சுமார் 12 பங்குதான் ஈரம். அது கிருமிக்குப் போதாது. எதிரே மலை போல் உணவு குவிந்திருந்தும் பட்டினி!

மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாவதும் இந்த ரகசியத்தால்தான். கிழங்கை அரைத்த மாவுப்பாலை நெடுநேரம் விட்டால் புளித்துப் போகும். காய்ந்து ஜவ்வரிசி ஆகிவிட்டால் கடைகளில் மாதக் கணக்கில் இருக்கும்.

தண்ணீர் இருந்தும் கிருமிக்குக் கிடைக்காமல் செய்ய இன்னொரு வழி உண்டு. உப்பையும் சர்க்கரையையும் ஏராளமாகச் சேர்ப்பது! அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது மட்டுமல்ல, கிருமியின் உடம்பில் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். உப்பு நாரத்தங்காய், கருவாடு, வெல்லம் எல்லாம் இப்படிக் காப்பாற்றப்படுகிறவைதான்.

கரும்புச் சாற்றை விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் புளிக்கிறது. அதே சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி வெல்லமாக்கினால் அடுத்த பொங்கல் வரை வைத்துக்கொள்ளலாம்.

தேனில் உறங்கும் ஆபத்து

கல்வராயன் மலைத் தேனும் அப்படியே. அதில் சர்க்கரை மிகுதி. தண்ணீர் நூறில் சுமார் 20 பங்குக்குள்தான். எந்தக் கிருமியும் அதில் பெருக முடியாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை! பெருக முடியாது என்றால் செத்துவிட்டது என்று அர்த்தம் அல்ல.

சில கிருமிகள், காலம் சரியில்லை என்று கண்டால் தங்களைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொண்டு, விதையைப் போல உறங்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு கிருமி சில சமயம் தேனில் உறங்கிக்கொண்டிருக்கும்.

பெரியவர்கள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அவர்கள் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல கிருமிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால் பச்சைக் குழந்தையின் குடல் அப்படி அல்ல. அங்கே உணவு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, சூடு இருக்கிறது, தடுக்க ஆள் இல்லை. தேனில் உறங்கிய கிருமி அங்கே விழித்துக்கொண்டு, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். குழந்தை மூச்சு விடவும் திணறும்.

அதனால்தான், ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஒரு சொட்டுத் தேனும் நாக்கில் வைக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், இதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது அண்ணன்மார், அக்காமாரின் பொறுப்பு!

மூன்று தம்ளர் சோதனை

அடுத்தது சூடு. இதை ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அம்மாவையோ பாட்டியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காய்ச்சிய பால் மூன்று தம்ளர் வேண்டும். மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி மோர் பிரை ஊற்ற வேண்டும்.

முதல் தம்ளர்: பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு பிரை ஊற்றி, அடுப்படியில் மூடி வையுங்கள்.

இரண்டாவது தம்ளர்: பால் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பிரை ஊற்றி, அதே இடத்தில் மூடி வையுங்கள்.

மூன்றாவது தம்ளர்: ஆறிய பாலில் பிரை ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

காலையில் திறந்து பாருங்கள். முதல் தம்ளரில் கெட்டித் தயிர். இரண்டாவதில் தயிர் இல்லை. மூன்றாவதில் பால் பாலாகவே இருக்கிறது.

சோதனை இன்னும் முடியவில்லை. தயிராகாத இரண்டு தம்ளர்களையும் அடுப்படியில் வைத்து மாலையில் பாருங்கள். குளிரில் இருந்த பால் தயிராகியிருக்கும். கொதித்ததில் அப்போதும் நல்ல தயிர் இராது. அதை யாரும் குடிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? கடும் சூடு கிருமியைக் கொல்கிறது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. வெளியே எடுத்தவுடன் அது எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது!

நோய் உண்டாக்கும் கிருமிகள் பலவற்றுக்கும் மிகப் பிடித்த சூடு 37 டிகிரி சென்டிகிரேடு. அது மனித உடம்பின் சூடு! 5 டிகிரிக்குக் கீழே அநேகமாகப் பெருகாமல் இருக்கும். 60 டிகிரிக்கு மேலே போனால் சாகத் தொடங்கும். நடுவில் உள்ள சூடுதான் ஆபத்தான எல்லை. கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயிலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. சமையலறை அலமாரியும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

மலைமேல் மார்கழிக் குளிரில் இட்லி மாவு சீக்கிரம் பொங்காது, பால் சீக்கிரம் தோயாது. காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

மலையில் கொதிக்கும் தண்ணீர்

இங்கே ஒரு சந்தேகம் எழும். கல்வராயன் மலை 2,000 அடியிலிருந்து 3,000 அடி உயரமும், சில இடங்களில் அதற்கு மேலும் உள்ளது. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஆகவே, 100 டிகிரியை எட்டுவதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடும். 3,000 அடியில் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் சோறு வேகச் சற்றுக் கூடுதல் நேரம் ஆவது அதனால்தான்.

அப்படியானால், மலையில் காய்ச்சிய தண்ணீரில் கிருமி பிழைத்துக்கொள்ளுமா?

பிழைக்காது! காலரா, டைபாய்டு முதலிய நோய்க் கிருமிகள் அந்தச் சூட்டை எட்டுவதற்கு முன்பே செத்துவிடும். தண்ணீர் முழுப் பானையிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும்; கொதித்த பின் ஒரு நிமிஷம் விட வேண்டும். அவ்வளவுதான். ஓரத்தில் சிறு குமிழி வந்ததும் இறக்கிவிட்டால் போதாது.

நேரம் கொடுக்காதே!

சூட்டைக் கண்டும் சாகாமல் கூட்டுக்குள் உறங்கும் கிருமிகள் சில உண்டு என்று பார்த்தோம். அரிசியிலும் அப்படி ஒரு வகை உண்டு. சோறு வடிக்கும் சூட்டிலும் அது பிழைத்திருக்கும். சோறு ஆறியதும் விழிக்கும். நேரம் கிடைத்தால் பெருகி, ஒரு விஷத்தைக் கக்கி வைக்கும். அப்புறம் சோற்றைச் சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது!

ஆகவே, மத்தியானம் வடித்த சோற்றை இரவு வரை அப்படியே வைத்திருந்து, சூடாக்கிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு.

அப்படியானால் நம் பாட்டன், பூட்டன் காலத்துப் பழைய சோறு?

அங்கேதான் புளிப்பு வந்து காப்பாற்றுகிறது. ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால், தயிரை உண்டாக்கும் கிருமிகளின் சொந்தக்காரர்கள் அதில் பெருகி, இரவுக்குள் தண்ணீரைப் புளிக்க வைக்கிறார்கள். கெட்ட கிருமிகள் பலவற்றுக்குப் புளிப்பு ஆகாது. ஊறுகாயும் தயிரும் நாள்பட இருப்பது இதே காரணத்தால்தான். நம் இரைப்பையில் அமிலம் சுரப்பதும் பாதுகாப்புக்கு உதவுகிறது.

ஆனால் சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். மோர் மணம் மாறி நாற்றம் அடித்தாலும், வழவழவென்று நூலாக இழுத்தாலும் கொட்டிவிட வேண்டும்.

காற்றே விஷமாகும் கிருமி

காற்று இல்லாமல் எந்த உயிரும் வாழாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கிருமி உலகத்தில் அந்தச் சட்டம் செல்லாது!

சில கிருமிகளுக்குக் காற்று வேண்டும். சிலவற்றுக்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இன்னும் சிலவற்றுக்குக் காற்றுப் பட்டாலே ஆகாது.

ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமி மூன்றாவது வகை. மண்ணிலும் சாணத்திலும் கூடு கட்டி உறங்குகிறது. காலில் முள்ளோ ஆணியோ ஆழமாகக் குத்தும்போது கூடவே உள்ளே போகிறது. மேலே புண் மூடிக்கொண்டு, உள்ளே காற்று இல்லாமல் போனால் அதற்குக் கொண்டாட்டம்! மேலோட்டமான பெரிய சிராய்ப்பைவிட, ஆழமான சிறு குத்துக்காயம் ஆபத்தாவது இதனால்தான்.

குழந்தைப் பருவத்தில் தொடங்கி, பள்ளி வயதிலும் போடும் தடுப்பூசி இதற்குக் கவசம். காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். மண்ணையோ சாணத்தையோ அப்பக் கூடாது.

தெளிந்த தண்ணீரும் ஏமாற்றும்

கடைசியில் வருவது மிக முக்கியமானது.

மலையில் பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்று கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். கீழே கிணற்றுத் தண்ணீரும் தெளிவாக இருக்கலாம். தெளிவைக் கண்டு, சுத்தம் என்று நம்பிவிடலாமா?

ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் சுமார் ஒரு கோடி கிருமிகள் சேர்ந்தால்தான், அது கலங்கலாக நம் கண்ணுக்குத் தெரியும். ஒரு லட்சம் இருந்தாலும் தண்ணீர் தெளிவாகவே தோன்றும்!

1883-ம் ஆண்டு டிசம்பரில் டாக்டர் காக் கல்கத்தாவுக்கு வந்தார். வாந்திபேதியில் மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். நோயாளிகளின் குடலில் காலராக் கிருமியைக் கண்டார். ஊர் மக்கள் குளித்து, துணி துவைத்து, குடிப்பதற்கும் எடுத்த ஒரு குளத்துத் தண்ணீரிலும் அதே கிருமியைக் கண்டார். குடலிலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து குடத்துக்கு, குடத்திலிருந்து மறுபடியும் குடலுக்கு! இதுதான் அதன் பாதை.

வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி, வெறும் தண்ணீரில் பெரிதாகப் பெருகிவிடாது. அங்கே உணவு குறைவு. ஆனால் அந்தத் தண்ணீரால் கழுவிய பால் புட்டியிலோ, அது கலந்து ஆறிய கஞ்சியிலோ போய்ச் சேர்ந்துவிட்டால், உணவு கிடைத்துவிட்டது, ஈரம் கிடைத்துவிட்டது, சூடு கிடைத்துவிட்டது. குழந்தை தூங்கி எழும் வரை கஞ்சியை வைத்திருந்தால் நேரமும் கிடைத்துவிட்டது!

தண்ணீரில் அது பிரயாணம் செய்கிறது; கஞ்சியில் குடும்பம் நடத்துகிறது.

குழந்தைக்குக் கஞ்சியை அவ்வப்போது காய்ச்சி, அப்போதே கொடுக்க வேண்டும் என்று நர்சுகள் சொல்வது இதற்காகத்தான்.

உயிர் காக்கும் உப்புச் சர்க்கரைத் தண்ணீர்

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் கிருமி அல்ல. உடம்பிலிருந்து வெளியேறிவிடும் தண்ணீரும் உப்பும்தான். வைரஸால் வரும் வயிற்றுப்போக்கிலும் இதே கதைதான்.

1971-ம் ஆண்டில், வங்காளத்தின் எல்லையில் உள்ள பன்காவ் ஊர் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனபிஸ் தயங்கவில்லை. குளுகோஸும் உப்பும் அளவாகக் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பினார். உறவினர்களையே தம்ளரில் முகந்து நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்குச் சுமார் 30 பேர் இறந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே குறைந்தது!

2023-ம் ஆண்டில், அவர் மறைவுக்குப் பின், இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

அந்தப் பொட்டலம் இன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. எந்த அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும். அது உடனே கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய ஆறு டீ ஸ்பூன் சர்க்கரையும், அரை டீ ஸ்பூன் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது, அளவு முக்கியம்.

சிறுவர் கையில் சாவி

கிருமிகளை உலகத்திலிருந்து ஒழிக்க முடியாது. ஒழிக்கவும் வேண்டாம். அவை இல்லாவிட்டால் இட்லி இல்லை, தயிர் இல்லை, உதிர்ந்த இலை மக்கி எருவாவதும் இல்லை.

ஆனால் கெட்ட கிருமிக்கு வேண்டியதைக் கொடுக்காமல் இருக்க எல்லோராலும் முடியும்.

சாப்பிடும் முன்பும், கழிப்பிடம் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால், கிருமிக்குப் பிரயாணம் இல்லை.

பாத்திரத்தைச் சுத்தமாகத் துலக்கிக் கவிழ்த்து உலர்த்தினால், உணவும் இல்லை; ஈரமும் இல்லை.

குடிதண்ணீரைத் தளதளவென்று காய்ச்சி, மூடி வைத்து, நீண்ட பிடி உள்ள கரண்டியால் முகந்தால், அதற்குப் பிழைப்பு இல்லை.

சமைத்ததைச் சூடாகவே சாப்பிட்டுவிட்டால், அதற்கு நேரம் இல்லை.

நாளைக்கும் கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு டிராக்டர் அவசரமாக ஓடும். ஓட்டுகிறவர் கிருமிக்கு நேரம் கொடுக்காமல் ஓட்டுகிறார். நாளை இரவும் வீட்டில் மாவுப் பாத்திரத்தை மூடி வைப்பார்கள். மூடுகிறவர் கிருமிக்கு நேரம் கொடுத்து வைக்கிறார்.

எதற்குக் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்று தெரிந்த வீட்டில் வைத்தியருக்கு வேலை குறைவு!